டன்வேகன்: கொடியும் கூரையும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், ‘ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற கோட்டை எங்காவது இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார். ‘ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவு, டன்வேகன் கோட்டை, மெக்லியோட் குடும்பம், 800 வருஷம்’ என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது வம்பாகப் போயிற்று. 800 வருஷம் என்பது கப்சா என்று பாதிப் பேர், தேவதைக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு என்று மீதிப் பேர். சரி, இந்த இதழ் முழுக்க டன்வேகன்தான்.

கேள்வி: 800 வருஷமாக ஒரே குடும்பமா? நடுவில் யாரும் பிடுங்கிக்கொள்ளவே இல்லையா? – கரூரிலிருந்து ஒரு வாசகர்

பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ‘விடாமல் குடியிருந்தார்கள்’ என்று நான் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆரம்பம் 13ஆம் நூற்றாண்டு. லியோட் என்று ஒருவர், வைக்கிங் வழிவந்தவர், மேன் தீவை ஆண்ட ஓலாஃப் ராஜாவின் மகன் என்பது குடும்பம் சொல்லும் மரபு. ‘மெக்’ என்றால் மகன், ஆகவே மெக்லியோட். (எழுதுவதுதான் இப்படி, அந்த ஊரில் வாயால் சொல்லும்போது ‘மெக்லவுட்’. நான் எழுதுகிறபடியே எழுதிக்கொண்டு போகிறேன்.) அவர்கள் பிடித்த இடம் கடலை ஒட்டிய ஒரு பாறை. 1748 வரைக்கும் அந்தக் கோட்டைக்குக் கடல் வாசல் ஒன்றுதான் வாசல். படகிலிருந்து இறங்கி, மதிலில் இருக்கிற குறுகலான வாசலில் நுழைந்து, பாறைச் சரிவில் ஏறித்தான் உள்ளே போக முடியும், நிலத்துப் பக்கம் கதவே கிடையாது. விருந்தாளியே வியர்த்து விறுவிறுத்து ஏற வேண்டிய வீட்டை எதிரி எங்கே வந்து பிடுங்குவது?

ஓட்டை எங்கே என்றால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கடன் கழுத்தை நெரித்ததால் குடும்பத் தலைவர் லண்டனுக்கு வேலை தேடிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் தலைவர்கள் அங்கே நிரந்தரமாக இல்லை, 1929இல்தான் சர் ரெஜினால்ட் என்ற 27ஆவது தலைவர் திரும்பி வந்து தங்கினார். ஆக, சொத்து கைமாறவே இல்லை என்பது நிஜம், தினமும் அடுப்பு எரிந்தது என்பது நிஜமில்லை. இப்போது இருப்பவர் ஹ்யூ மெக்லியோட், 30ஆவது தலைவர், 2007இல் அப்பா இறந்ததும் வந்தவர்.

கேள்வி: இவர்கள் டியூக்கா, ஏர்லா, என்ன பட்டம்? – நாகர்கோவில் வாசகி

அந்த மாதிரி பெரிய பட்டம் ஏதும் இல்லை. குலத் தலைவர், அவ்வளவுதான். ஆனால் அதிலேயே ஒரு மிடுக்கு இருக்கிறது: அவரை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடுவதில்லை, மரபுப்படி வெறும் ‘மெக்லியோட்’ என்றால் அவர் ஒருவர்தான். எழுத்தில் ‘மெக்லியோட் ஆஃப் மெக்லியோட்’. குலத்தை ‘கிளான்’ என்கிறோமே, அது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ‘பிள்ளைகள்’ என்று பொருள்படும் சொல். தலைவர் அப்பா, அந்தப் பெயர் வைத்துக்கொண்ட அத்தனை குடியானவர்களும் பிள்ளைகள் என்கிற கணக்கு. ரத்த சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, சண்டைக்குக் கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும். அப்பா பிள்ளைகளை எப்படி நடத்தினார் என்பதைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தேவதைக் கொடி! அதைச் சொல்லாமல் டன்வேகனைப் பற்றி எழுதுவது எப்படி சார் முடிகிறது? – பொள்ளாச்சி, தஞ்சாவூர், இன்னும் ஒன்பது ஊர்

முதலில் கொடியைப் பார்த்துவிடுவோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டுத் துணி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருக்கலாம். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும், இப்போது ஊறவைத்த டீத்தூள் நிறம். ஓரமெல்லாம் பிய்ந்து, நடுவில் நூல் நூலாக நிற்கிறது. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் யாரோ பொறுமையாக இழையோட்டித் தைத்திருப்பதும், அங்கங்கே சின்னச் சிவப்புப் புள்ளிகளும் தெரியும். கொடி என்று சொல்லாவிட்டால் கைத்துடைப்புத் துணி என்று எடுத்துப் போட்டுவிடுவோம்.

கதை ஒன்றில்லை, பல. குடும்பத் தலைவர் ஒருவரை ஒரு தேவதை கட்டிக்கொண்டாள், 20 வருஷம் முடிந்ததும் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது, பிரியும்போது பாலத்தில் வைத்து இதைக் கொடுத்தாள். அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது, பெயரே தேவதைப் பாலம். இன்னொரு கதையில் தொட்டிலில் குளிரில் அழுத குழந்தைக்கு ஒரு தேவதை இதைப் போர்த்திவிட்டுத் தாலாட்டுப் பாடினாள். ஆபத்தில் விரித்து ஆட்டினால் காப்பாற்றும், ஆனால் மூன்று முறைதான்.

இரண்டு முறை ஆட்டியாகிவிட்டது என்கிறார்கள். ஒன்று 1490 வாக்கில் கிளெண்டேல் சண்டையில். இன்னொன்று 1578இல், டிரம்பன் என்ற இடத்தில். இந்த இரண்டாவதைச் சொல்லும்போது வழிகாட்டிகள் பாதியை விழுங்கிவிடுவார்கள். டிரம்பன் சர்ச்சில் மெக்லியோட் ஆட்கள் வழிபாட்டில் இருந்தபோது அவர்களுடைய பகைக் குலமான மெக்டொனால்டுகள் கதவை அடைத்துத் தீ வைத்தார்கள் என்பது வரைக்கும் சொல்வார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள்? அதற்கு முந்தைய வருஷம் எய்க் தீவில் ஒரு குகைக்குள் ஒளிந்திருந்த மெக்டொனால்டுகளை, பெண்டு பிள்ளைகளோடு, வாசலில் தீ மூட்டிப் புகையிலேயே கொன்றவர்கள் மெக்லியோட்கள். கிட்டத்தட்ட 400 பேர் என்று மரபு சொல்கிறது. தேவதை எந்தப் பக்கம் நியாயம் பார்த்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆராய்ச்சிக்கு வருவோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலிருந்து வேஸ் என்ற நிபுணர் வந்து துணியைப் பார்த்தார். கிழக்கத்திய பட்டு, சிரியா பக்கமோ ரோட்ஸ் தீவோ, மிகவும் பழையது, புனிதமாகக் கருதப்பட்டதால்தான் இவ்வளவு கவனமாகத் தைத்துத் தைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றார். 1066இல் இறந்த நார்வே ராஜா ஹரால்ட் ஹார்ட்ராடாவின் கொடியாக இருக்கலாம் என்றும் ஒரு யூகம் உண்டு. எல்லாவற்றையும் கேட்ட சர் ரெஜினால்ட், நீங்கள் அப்படி நம்பிக்கொள்ளலாம், இது தேவதைகள் என் மூதாதைக்குக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும் என்றாராம். உங்கள் ஞானத்துக்குத் தலைவணங்குகிறேன் ஐயா என்று நிபுணர் எழுந்துவிட்டாராம். எனக்கு இந்த இரண்டு பேரையுமே பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் விமானப் படையிலிருந்த மெக்லியோட் பையன்கள் இந்தத் துணியின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். மூன்றாவது முறை இன்னும் பாக்கி.

கேள்வி: பேய் உண்டா? – மதுரை-16

பேய்க்கு நீங்கள் ஸ்காட்லாந்திலேயே இருக்கிற கிளாமிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே ரகசிய அறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஜன்னல்தோறும் துண்டைத் தொங்கவிட்டு, துண்டில்லாத ஜன்னல்களை வெளியே நின்று எண்ணின கதையெல்லாம் உண்டு. டன்வேகனில் தேவதை டிபார்ட்மென்ட் மட்டும்தான்.

கேள்வி: பாதாளச் சிறை இருக்கிறதாமே? அப்புறம், வாரிசு ஒரு கொம்பு நிறைய சாராயம் குடிக்க வேண்டுமாமே? – விருதுநகர் வாசகர்

சாராயம் இல்லை, கிளாரட், சிவப்பு ஒயின். ரோரி மோர் என்ற 15ஆவது தலைவரின் பெயரில் இருக்கிற மாட்டுக் கொம்பு. மால்கம் என்ற 3ஆவது தலைவர் கிளெனெல்க்கில் வெறும் குத்துவாளை வைத்துக்கொண்டு ஒரு காளையைக் கொன்றார், அதன் கொம்பு என்று ஐதீகம். குலச் சின்னத்தில் காளைத் தலை வந்ததும், ‘விடாதே, பிடி’ என்ற வாசகம் வந்ததும் அப்படித்தான். ஒன்றரை பைன்ட் பிடிக்கும், அதாவது முக்கால் லிட்டருக்கும் மேலே. வயதுக்கு வந்த வாரிசு அதைக் கீழே வைக்காமல், தானும் கீழே விழாமல், ஒரே தடவையில் காலி செய்ய வேண்டும். 1965இல் ஜான் மெக்லியோட் 1 நிமிஷம் 57 செகண்டில் முடித்தார். முடித்துவிட்டு எப்படி இருந்தார் என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை, அதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

சிறை உண்டு. வெளியே எங்கேயோ இல்லை, இப்போதைய வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே, சுவருக்குள் ஒரு ஆழமான குழி. மேலிருந்து இறக்கிவிட்டால் ஏறி வர முடியாது. சமையலறைப் பக்கமாக ஒரு கீற்று விட்டுக் கட்டியிருக்கிறார்கள், இறைச்சி வாட்டும் வாசனை பட்டினி கிடப்பவனுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக என்று சொல்வார்கள். கொடுமைக்கும் ஒரு கற்பனை வளம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

1773இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனும் அவருடைய நண்பர் பாஸ்வெல்லும் இங்கே வந்து ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார்கள். அப்போது வீட்டை நடத்திக்கொண்டிருந்த தலைவரின் அம்மா புலம்பியிருக்கிறார்: இந்தப் பாறையில் ஒரு தோட்டம் போட முடியுமா, ஒரு வசதி உண்டா, ஐந்து மைல் தள்ளி நல்ல இடம் இருக்கிறது, அங்கே வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. பாஸ்வெல்லுக்குக் கோபம் வந்துவிட்டது, குலத்தின் பாறையை விட்டுப் போவதாவது! உடனே ஜான்சன், அம்மா, இவன் பாறையை விட மாட்டான், வேறு இடம் இல்லையென்றால் அந்தப் பாதாளக் குழியிலேயே படுக்கையைப் போட்டுக்கொள்வான் என்றார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறவருக்குப் பழம்பெருமை பெரிதாகத்தான் தெரியும். தினமும் இருக்கிற அம்மாவுக்கு அல்லவா கஷ்டம் தெரியும். என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான்.

கேள்வி: இந்தக் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு? – வேலூர் வாசகர்

நன்றாகவே உண்டு, அதுவும் உங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை. மேலே புலம்பிய அம்மாவின் பையன் நார்மன், 23ஆவது தலைவர், 1754இல் பிறந்தவர். தாத்தா விட்டுப்போனது கோட்டையும் மலையளவு கடனும். கடனை அடைக்கப் பட்டாளத்தில் சேர்ந்தார். முதலில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், போய் இறங்குவதற்குள்ளேயே மனைவியோடு சிறைபிடிக்கப்பட்டார். அப்புறம் 42ஆவது ஹைலேண்ட் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியனோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

1782 நவம்பர் கடைசி. மலபாரில் பொன்னானியில் ஆங்கிலப் படை ஒடுங்கி நிற்கிறது, தலைமை கர்னல் மெக்லியோட். எதிரே திப்பு சுல்தான், கூடவே பிரெஞ்சுக்காரர்கள். திப்புவின் தாக்குதலை மெக்லியோட் சமாளித்து நின்றார். ஆனால் முற்றுகை இன்னும் நீண்டிருந்தால் கதை என்ன ஆகியிருக்குமோ. டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் பக்கத்து முகாமில் ஹைதர் அலி இறந்துபோனார். சேதி போய்ச் சேர்ந்ததும் திப்பு மலபாரை அப்படியே விட்டுவிட்டு அப்பாவின் படையைப் பார்க்கக் கிழக்கே விரைந்தார். ஹைதருக்கு வந்த முதுகுக் கட்டி ஸ்கை தீவுக்காரர் ஒருவரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. தேவதைக் கொடியை அவர் கூட எடுத்து வந்திருந்தால் அந்தப் பெயரையும் கொடியே தட்டிக்கொண்டு போயிருக்கும்.

இந்த நார்மன் பின்னால் ஜெனரல் ஆனார், பார்லிமென்ட் உறுப்பினராகவும் இருந்தார், 1801இல் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் அவருடைய மகன், குடும்ப வாரிசு, இத்தாலிக் கரைக்கு அப்பால் குயின் சார்லட் என்ற போர்க்கப்பல் வெடித்ததில் செத்துப்போனான்.

கேள்வி: கோட்டை, கொடி, கொம்பு எல்லாம் சரி. குடியானவர்களை எப்படி நடத்தினார்கள்? – திருத்துறைப்பூண்டி வாசகர்

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்ததில் ஆச்சரியமும் இல்லை.

அந்தத் தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள், 22ஆவது தலைவர், அவரும் நார்மன்தான், ஊர் வைத்த பெயர் ‘கெட்ட மனுஷன்’. 1739இல் ஸ்கையிலும் ஹாரிஸிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஆண், பெண், குழந்தைகள் என்று சுமார் 100 பேரைப் பிடித்து வில்லியம் என்ற கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்கக் காலனிகளில் கொத்தடிமைகளாக விற்பதற்கு. கப்பல் வழியில் அயர்லாந்தில் டோனகடி துறைமுகத்தில் நின்றது, அங்கே சிலர் தப்பித்து ஓடினார்கள், துரத்திப் பிடித்து அடித்ததை உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள், விஷயம் மாஜிஸ்திரேட் வரைக்கும் போய் எல்லோரையும் விடுவித்தார்கள். அந்தக் கப்பலுக்குக் கேலிக் மொழியில் ‘மனிதர்களின் கப்பல்’ என்றே பெயர் நின்றுவிட்டது. களத்தில் இறங்கி வேலை பார்த்தவன் பெர்னெரா தீவில் இருந்த கிளைக் குடும்பத்து மெக்லியோட்களில் ஒருவன். தலைவருக்கும் பக்கத்துச் சீமை மெக்டொனால்டு தலைவருக்கும் இதில் கை உண்டு என்று எல்லோரும் பேசினார்கள், இரண்டு பேரும் இல்லவே இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள், வழக்கு நடக்கவில்லை. ‘பிள்ளைகள்’ என்கிற சொல்லை அப்பாக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

நியாயமாக, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 25ஆவது தலைவர், அவரும் நார்மன். (இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கற்பனை ஓடவில்லை.) 1840களில் கோட்டைக்கு இன்றைக்கு நாம் போட்டோவில் பார்க்கிற அலங்காரக் கோபுரங்களையும் பல் பல்லான கைப்பிடிச் சுவர்களையும் கட்டி ஜோடித்தவர் அவர்தான். அந்த வேலை முடிவதற்குள் 1846இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஸ்கையில் ஜனங்களின் சாப்பாடே அதுதான். குத்தகை வரவில்லை, ஆனால் வாசலில் கூட்டம். அவர் தானியம் வாங்கிப் போட்டார், கடன் வாங்கியும் போட்டார், போட்டுப் போட்டே திவாலானார். கடைசியில் லண்டனுக்குப் போய் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலையில் உட்கார்ந்தார். ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரர், நடுவயதில், மேஜையில் கோப்பு கட்டுகிறார். பஞ்ச காலத்தில் குடியானவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு அந்த நிலத்தில் ஆடு மேய்த்துச் சம்பாதித்த நிலப்பிரபுக்கள் ஹைலேண்டில், அதாவது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், நிறைய உண்டு, அவர்களோடு வைத்துப் பார்த்தால்தான் இவர் யாரென்று தெரியும். நான் முதல் பதிலில் சொன்ன ஓட்டை விழுந்தது இதனால்தான்.

கேள்வி: பெண்கள் தலைவராக முடியாதா? – சேலம் வாசகி

முடியும், ஆகியும் இருக்கிறார். ஃப்ளோரா மெக்லியோட், 28ஆவது தலைவர், சர் ரெஜினால்டின் மகள். பிறந்தது 1878இல், லண்டன் டவுனிங் தெரு 11ஆம் நம்பர் வீட்டில், ஏனென்றால் அம்மாவின் அப்பா அப்போது நிதியமைச்சர். 1935இல் பொறுப்புக்கு வந்தபோது வயது 57, பாட்டியாகிவிட்ட பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல்தான் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, மெக்லியோட் என்று பெயர் வைத்திருந்தவர்களையெல்லாம் சங்கமாகத் திரட்டினார். 98 வயது வரை இருந்து 1976இல் இறந்தார். மகள் வழிப் பேரன்தான், மேலே கொம்பைக் காலி செய்தாரே, அந்த ஜான். அவர் ஒரு பாடகரும்கூட.

கேள்வி: மலையையே விற்கப் பார்த்தார்களாமே, அது யார்? – கோவை வாசகர்

அதே ஜான்தான். 2000ஆம் வருஷம். டன்வேகன் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. ஸ்கை தீவு மழை எப்படிப்பட்டது என்றால், வருஷத்தில் வெயில் அடித்த நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம். பழைய கோட்டைக் கூரையைப் பிரித்து மேய்வதற்கு டிக்கெட் காசும் தேநீர்க் கடைக் காசும் எங்கே போதும்? அவர் கையில் பெரிதாக இருந்தது ஒன்றுதான்: பிளாக் குலின் மலைத்தொடர். கன்னங்கரேலென்று, ரம்பப் பல் மாதிரி நிற்கிற மலை, உயரமான சிகரம் 992 மீட்டர், பிரிட்டனில் மலையேறுகிறவர்களுக்குக் காசி மாதிரி. அதற்கு 1 கோடி பவுண்டு விலை வைத்து விளம்பரம் கொடுத்துவிட்டார்.

ஊரே கொதித்துப்போனது. மலையை ஒருத்தர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம், அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். குடும்பத்தின் பதில், 1611இல் ராஜா கொடுத்த பட்டயம். அதில் மலை என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று சண்டை. அரச நிலங்களைப் பார்க்கிற கிரவுன் எஸ்டேட் காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு வழக்குப் போடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. வாங்க ஆள் வரவில்லை, அவரும் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மலையைப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கூரையைச் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம் என்றொரு யோசனையும் நடுவில் ஓடியது, அதுவும் கைகூடவில்லை. 2007இல் ஜான் இறந்தார், மகன் ஹ்யூ வந்த பிறகு மராமத்து கட்டம் கட்டமாக நடந்தது.

என் அபிப்பிராயம்? விற்கப் பார்த்தது தப்பு. ஆனால் அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒழுகுகிற வீட்டில் ராத்திரி எழுந்து வாளியை நகர்த்தி நகர்த்தி வைத்தவர்களுக்கு இது புரியும். மூன்றாவது தடவைக்கென்று ஒரு கொடி கீழே சட்டத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தபோதும், கூரைக்காக யாரும் அதை வெளியே எடுக்கவில்லை பாருங்கள்.

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். டன்வேகன் போய்வர முடியுமா? – திருச்சி தம்பதி

தாராளமாக. ஆனால் லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருகிற தூரம் இல்லை, இரண்டு மூன்று ராத்திரி ஒதுக்குங்கள். 1995இல் பாலம் கட்டிவிட்டதால் ஸ்கைக்குக் காரிலேயே போகலாம், 2004லிருந்து சுங்கமும் கிடையாது. கோட்டை வசந்தத்திலிருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் திறந்திருக்கும். உள்ளே பார்த்து முடித்ததும் கீழே இறங்கி, சின்னப் படகில் சீல் என்கிற கடல்நாய்களைக் காட்டக் கூட்டிப்போவார்கள், அதை விட்டுவிடாதீர்கள், பாறையில் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிந்தைய மாமனார் மாதிரி அரைக்கண்ணால் பார்க்கும். கோடையில் மிட்ஜ் என்றொரு பொடிக் கொசு உண்டு, கண்ணுக்கே தெரியாது, காற்று நின்றால் கூட்டமாக வந்து பிடுங்கும், கையை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், அந்தக் காற்றில் திருப்பிக்கொள்ளும், தலையோடு மூடுகிற மழைக்கோட்டு ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.